எஸ்டேட் டவுன் அருங்காட்சியகத்தில் படமும் பேச்சும்: முதன்முறை நடத்துகிறவர்களுக்கு

மலேசியாவில் தோட்டங்களை ஒட்டிய எஸ்டேட் டவுன்களில் இருக்கும் சின்ன அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கதவைச் சாத்திவிடுகின்றன. ஊர்க்காரர்களுக்கு நேரம் கிடைப்பதோ அதற்குப் பிறகுதான். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அந்தக் கதவைத் திறந்து வைத்து, ஒரு பழைய படத்தைப் போட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைப் பேசவைத்து, வந்தவர்களையும் பேசவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய குழு தேவையில்லை, மூன்று நான்கு பேர் மனது வைத்தால் போதும்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஒரு ஆவணப்படம் போட்டால் வருகிறவர்கள் அந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வருவார்கள். நம் ஊரில் ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் படம் போட்டால், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தோட்ட வேலையைப் பல வருஷம் செய்தவராக இருப்பார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஸ்டோரில், அதாவது தோட்டத்து ரப்பர் ஆலையில், ஷீட் அடித்தவராக இருப்பார். அவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே நாற்காலி போடுவதிலிருந்து மைக் வாங்குவது வரை எல்லா முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுங்கள்: இந்தப் பாட்டி வாய் திறந்து பேச இது உதவுமா?

மியூசியத்தில் எப்படிக் கேட்பது

அருங்காட்சியகம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். மாநில அருங்காட்சியகத்தின் கிளையாக இருக்கலாம், மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ நடத்தலாம், கோயிலோ ஒரு குடும்பமோ அறக்கட்டளையோ வைத்திருக்கலாம். அரசு சார்ந்தது என்றால் மலாயில் ஒரு முறையான கடிதம் வேண்டும், அது மேலே போய்த் திரும்பி வர நாளாகும், அதனால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். தனியார் என்றால் நேரில் போய்ப் பேசுவதே நல்லது, ஆனால் பேசி முடித்ததை எழுத்திலும் ஒரு தடவை அனுப்பி வையுங்கள்.

பொறுப்பாளருக்கு இருக்கும் கவலை படத்தைப் பற்றியது இல்லை, சாமான்களைப் பற்றியது. பழைய புகைப்படமும் துணியும் காகிதமும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் கெட்டுப்போகும். அதனால் தின்பண்டம் எல்லாம் வெளி வராந்தாவில்தான், காட்சி அறைக்குள் தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது என்று அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். இரவில் காவலாளிக்கு யார் கூலி கொடுப்பது, மின்கட்டணம் யாருடையது, கழிப்பறை திறந்திருக்குமா, காரும் மோட்டார் சைக்கிளும் எங்கே நிற்கும், கடைசியில் யார் பூட்டிச் சாவியை ஒப்படைப்பது, இதெல்லாம் அன்றைக்கே பேசி முடிக்க வேண்டியவை. திறந்த வெளியில் திரை கட்டுவதாக இருந்தால் மாவட்ட மன்றத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று தடவைக்கு உள்ளே நடத்துவதுதான் எளிது.

நாளும் நேரமும்

சனிக்கிழமை இரவு பொதுவாகச் சரி வரும். சம்பளம் போட்ட முதல் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு ஊரே கடைத்தெருவில்தான் இருக்கும். கோயில் திருவிழா நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். ஆடி மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும், அப்போது நீங்கள் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வு நேரம், நோன்பு மாதம் இரண்டையும் விடுங்கள். மியூசியம் ஊழியர்கள் முஸ்லிம்களாக இருந்தால் நோன்பு துறக்கும் நேரத்தில் அவர்களை வேலைக்கு நிறுத்துவது நியாயம் இல்லை.

அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஏழு, ஏழரை வாக்கில் வரும், இரவுத் தொழுகைக்கான இஷா எட்டு மணிக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில் வரும். அன்றைய தொழுகை நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, இஷா பாங்கு சொல்லும்போது படம் ஓடாத மாதிரி நிகழ்ச்சியை அமையுங்கள். பாங்கு கேட்டால் மைக்கைச் சற்று நிறுத்துவது நம் ஊரில் எல்லாரும் எதிர்பார்க்கும் மரியாதை. ஏழே முக்காலுக்குக் கூடி, எட்டு மணிக்குத் தொடங்கி, பத்துக்குள் முடித்துவிடுங்கள். தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிறவர்கள் விடியற்காலையில் எழுந்திருக்கிறவர்கள், பத்தரை ஆனால் அடுத்த மாதம் வர மாட்டார்கள்.

படத்தை எங்கே தேடுவது

மலாயன் ஃபிலிம் யூனிட் என்ற அரசுப் படப்பிரிவு 1946ல் கோலாலம்பூரில் தொடங்கியது. பிற்பாடு அதுதான் ஃபிலெம் நெகாரா ஆனது. 1948லிருந்து 1960 வரை நடந்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டம் தோட்டமாகப் போய், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டன. உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், அந்த வேனை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் படங்கள், தோட்டத்துப் படங்கள், செய்திப் படங்கள் ஆகியவற்றைப் பற்றி அர்கிப் நெகாரா என்ற தேசியக் காப்பகத்திலும் ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திலும் விசாரிக்கலாம். லண்டனில் இருக்கும் இம்பீரியல் வார் மியூசியத்தின் தொகுப்பிலும் மலாயாவில் எடுத்த படங்கள் இருக்கின்றன. இவற்றில் பல பத்து, இருபது நிமிடப் படங்கள். நமக்கு அதுதான் வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தைப் போட்டால் பேச நேரம் இருக்காது, பேச்சு இல்லாவிட்டால் இதை அருங்காட்சியகத்தில் நடத்துவதற்குக் காரணமே இல்லை.

அனுமதி விஷயத்தில் மெத்தனம் வேண்டாம். இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதற்காக மக்களைக் கூட்டி வைத்துத் திரையிட முடியும் என்று ஆகிவிடாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், லாப நோக்கமில்லாத அமைப்பு கட்டணம் வாங்காமல் கல்விக்காகத் திரையிடுவதற்குச் சில விலக்குகள் தருகிறது. இருந்தாலும் உரிமையாளரிடம் ஒரு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். சின்ன ஊர், இலவச நிகழ்ச்சி, அறுபது நாற்காலி என்று விவரமாக எழுதிக் கேட்டால் காது கொடுத்துக் கேட்பவர்கள் உண்டு.

தணிக்கை வேறு விஷயம். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் தணிக்கை வாரியம் அங்கீகரிக்காத படத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம், இலவசமாகக் காட்டினாலும் சரி. 2013ல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அங்கீகாரம் இல்லாமல் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமை ஊழியர் மேல் வழக்கு வந்தது, 2017ல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அது ஒரு தமிழர் துயரத்தைப் பற்றிய படம் என்பதால் நம் ஆட்கள் பலருக்கும் அந்த வழக்கு தெரியும். அதனால் எந்தப் படமாக இருந்தாலும், அதற்கு அங்கீகாரம் இருக்கிறதா, தேவைப்படுகிறதா என்று படத்தைத் தருகிற காப்பகத்திடமும் வாரியத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். பதில் வருவதற்கு முன் சுவரொட்டி அடிக்காதீர்கள்.

யாரைப் பேச அழைப்பது

பல்கலைக்கழக ஆய்வாளர் வந்தால் நல்லதுதான், வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை கூப்பிடுங்கள். ஆனால் ஊரிலேயே இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள்: ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பழைய கிராணி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மா, 1954ல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கிளைப் பொறுப்பில் இருந்தவர். மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லாதவர்களைத் தனியாக நின்று பேசச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். கேட்கிறவர் அவருக்குத் தெரிந்த ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது.

பேச்சாளர் யாராக இருந்தாலும் படத்தை முன்பே பார்க்கக் கொடுங்கள். இருபத்தைந்து நிமிடம் என்று சொல்லி வையுங்கள், இருபதாவது நிமிடத்தில் ஒரு சீட்டு காட்டுங்கள். போக்குவரத்துச் செலவைக் கட்டாயம் கொடுங்கள், கேட்கக் கூச்சப்படுவார், நீங்களே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் இந்த மாலை மரியாதை. பிரமுகர் வரும்வரை காத்திருப்பது, அவர் வந்ததும் பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று ஒன்பது மணி ஆகிவிடுவது நம் நிகழ்ச்சிகளில் வழக்கமாகிவிட்டது. இங்கே அதை விட்டுவிடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்தால் மகிழ்ச்சியோடு முன் வரிசையில் உட்காரவைத்து, மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் எட்டு மணிக்குப் படத்தைப் போட்டுவிடுங்கள். பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும் என்றால் அன்று பேசுகிற பாட்டிக்குப் போர்த்துங்கள்.

கருவிகள்

மூவாயிரம் லூமனுக்கு மேல் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் ஒன்று, தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ இரவல் கிடைக்கும். நூறு அங்குலத் திரை என்றால் ஏறக்குறைய 221 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம், அறுபது பேருக்கு இது போதும். பழைய படங்கள் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும், நாலுக்கு மூன்று அளவில். திரையை நிரப்ப வேண்டும் என்று அதை இழுத்து அகலமாக்கினால் முகமெல்லாம் தட்டையாகிவிடும், தன் அப்பாவைப் போன்ற ஒரு முகத்தை அடையாளம் கண்டுகொள்ளக் காத்திருக்கிறவருக்கு அது அநியாயம். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள், மடிக்கணினியில் கோப்பாகவும் பென் டிரைவில் ஒரு நகலாகவும் வைத்திருங்கள். ஒலிதான் பெரும்பாலும் காலை வாரும். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு வையுங்கள். கம்பியில்லா மைக் இரண்டு வேண்டும், ஒன்று பேச்சாளருக்கு, ஒன்று சபைக்குள் சுற்றிவர. தகரக் கூரைக் கட்டடம் என்றால் மழை கொட்டும்போது எதுவும் கேட்காது, அப்போது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் படத்தை நிறுத்தி, டீ கொடுத்து, மழை குறைந்ததும் தொடருங்கள். இடி மின்னலில் மின்சாரம் போனால் வெளிச்சத்துக்கு இரண்டு கைவிளக்கு வைத்திருங்கள்.

ஆட்களைக் கூட்டுவது

முகநூல் பதிவு போட்டால் இளைஞர்களுக்குத் தெரியும். நமக்கு முக்கியமானவர்கள் அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை கோயில் பூஜை முடிந்ததும் மைக்கில் ஒரு அறிவிப்பு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை, காப்பிக்கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள், வாட்ஸ்அப்பில் எழுத்துக்குப் பதிலாக அரை நிமிடக் குரல் பதிவு. குரல் பதிவை ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அம்மா பேசினால் அது எல்லாக் குடும்பத்துக்கும் தானாகப் போய்ச் சேரும். மின்னல் எஃப்எம் வானொலிக்கும் தமிழ் நாளேடுகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பி வையுங்கள்.

தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் இப்போது தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள், இரவில் பேருந்து கிடையாது. ஒரு வேன் ஏற்பாடு செய்து, எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவிடுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

தமிழர்கள் மட்டும் வரட்டும் என்று நினைக்காதீர்கள். அதே தோட்டத்தைச் சுற்றி வாழ்ந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்களுக்கும்தான். பேச்சு தமிழில் நடக்கட்டும், முடிவில் ஐந்து நிமிடம் ஒருவர் மலாயில் சாரத்தைச் சொல்லட்டும்.

அன்று இரவு

நாற்காலிகளைப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரி நேர் வரிசையாகப் போடாமல் லேசாக வளைத்துப் போடுங்கள், பேசுகிறவர் முகம் மற்றவர்களுக்குத் தெரியும். காது மந்தமானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் முன்னால் இடம் விடுங்கள்.

படத்தைப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்: இது எந்த வருஷம் எடுத்தது, எடுத்தது யார், யாருக்குக் காட்ட எடுத்தார்கள். காலனிக் காலத்துப் படத்தில் எல்லாரும் சிரித்த முகமாக, சுத்தமான உடையில், ஒழுங்காக வேலை செய்வார்கள். அரசாங்கமும் கம்பெனியும் காட்ட விரும்பிய தோட்டம் அது. இதைச் சொல்லாமல் ஓட்டினால் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

அப்புறம் படம் ஓடட்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டு, டீ குடித்து, பேச்சாளர் பேசி முடித்த பிறகு, அதே படத்தை இரண்டாம் தடவை ஓட்டுங்கள். இந்தத் தடவை ஒலியை முழுவதும் நிறுத்திவிடுங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் அந்தக் கணீர்க் குரல் போய்விட்டால் அறையில் வேறு குரல்கள் கேட்க ஆரம்பிக்கும். மடிக்கணினியில் ஒருவர் விரலைத் தயாராக வைத்திருக்கட்டும். யாராவது "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சொன்ன உடனே படம் நிற்க வேண்டும். மைக் அவரிடம் போக வேண்டும், அவர் மைக்கிடம் வரக் கூடாது.

விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், இருட்டில் என்ன வெளிச்சத்தில் போனார்கள், பிள்ளையை எப்படி ஆயாக்கொட்டகையில் விட்டார்கள் என்று பேச்சு வரும். மரம் வெட்டும், அதாவது பால் வடிய ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவும், காட்சியில் உளி பிடித்த கையைப் பார்த்தே, இது மரம் வெட்டத் தெரிந்த கை, இது படத்துக்காக நிற்கிற கை என்று சொல்லிவிடுவார்கள். மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றுவது, தோள்கட்டையில் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவது, வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்து எடுப்பது, ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்றம், ஒரு வலி, ஒரு பெயர் உண்டு. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி போச்சு. படத்தில் மழையே பெய்யாது. பதினைந்து நிமிடப் படம் இப்படி ஒரு மணி நேரம் ஓடினாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் உளியோ மங்கோ இருந்தால், பொறுப்பாளர் சம்மதித்தால், அந்த நேரத்தில் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு சாமான் இருந்தால், பேச்சு வராதவர்களுக்கும் பேச்சு வரும்.

ஒருவரே நீளமாகப் பேசிக்கொண்டு போனால், "ஐயா, அந்த அம்மா என்னமோ சொல்ல வர்றாங்க, கேட்டுட்டு வருவோம்" என்று மைக்கை நகர்த்துங்கள். பெண்கள் முதலில் தயங்குவார்கள். மரம் வெட்டியதில், பால் எடுத்ததில் பெரும் பங்கு அவர்களுடையது, ஆகவே முதல் கேள்வியை அவர்கள் பக்கம் வையுங்கள்.

கனமான விஷயங்கள்

சயாம் மரண ரயில் பற்றிய மாலை ஒன்று நம் ஊரில் கட்டாயம் வேண்டும், ஆனால் முதல் நிகழ்ச்சியாக வைக்காதீர்கள். 1942லும் 1943லும் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், பெரும் எண்ணிக்கையில் அங்கேயே செத்துப்போனார்கள். அந்தப் பாதையில் இருக்கும் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது, பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பதித்த கற்கள் இல்லை. சபையில் இருக்கும் ஒருவரின் தாத்தா அதில் ஒருவராக இருக்கலாம். அறிவிப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அழுகிறவரை அழவிடுங்கள், அந்த நேரத்தில் கேமராவை இறக்கிவிடுங்கள். அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, போனவரின் பெயர், தோட்டம், ஊர் ஆகியவற்றை விருப்பமுள்ளவர்கள் எழுதிவிட்டுப் போகச் செய்யலாம். அந்த நோட்டு அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கட்டும்.

இன்னும் சில விஷயங்கள் ஒவ்வொரு ஊரிலும் எடுபடும். பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் காலம், 1960ல் அப்போதைய அமைச்சர் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் பிறந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிய கதை, அவசரகாலத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, சுற்றி முள்வேலி போட்ட கதை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை, கப்பலில் வந்த பெட்டி படுக்கை. 1938ல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன் வந்தவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதிவு செய்து வையுங்கள்

பேச்சைப் பதிவு செய்யாவிட்டால் அது அன்றிரவோடு போய்விடும். ஒரு கைப்பேசியை முக்காலியில் வைத்து வீடியோ, இன்னொன்றை மேசையில் வைத்து ஒலி மட்டும். பதிவு செய்கிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள், விரிவாகப் பேசியவர்களிடம் தமிழில் எழுதிய ஒரு சம்மதத் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். என் பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம்.

பழைய புகைப்படம், கப்பல் சீட்டு, சம்பள அட்டை வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். அதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வராந்தாவில் ஒரு மேசை போட்டு அங்கேயே படி எடுத்து, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க விரும்புகிறவர் இருந்தால் வேறு ஒரு நாள் பகலில், வீட்டில் எல்லாருக்கும் தெரிய, பொறுப்பாளர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோப்புகளுக்கு அன்றிரவே பெயர் போடுங்கள்: தேதி, பேசியவர், தோட்டத்தின் பெயர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்கே குழப்பமாகிவிடும். ஒரு நகல் அருங்காட்சியகத்துக்கு, ஒன்று தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு, ஒன்று பேசியவர் குடும்பத்துக்கு. இந்த மூன்றாவது நகலை நேரில் போய்க் கொடுங்கள், அடுத்த மாதம் யாரைப் பேச அழைக்கலாம் என்று அந்த வீட்டிலேயே கேளுங்கள், ஒரு பெயராவது சொல்லி அனுப்புவார்கள்.